நல்ல சட்டங்கள் இருந்தால் போதாதா, தனிமனிதரின் அறவளர்ச்சியும் வேண்டுமா?

நாகரிகம் மேம்படத் தனிமனிதர்கள் அறத்தில் வளர்வது உண்மையிலேயே அவசியமா, நல்ல சட்டமும் அதைச் செயல்படுத்தும் அரசும் இருந்தால் போதாதா என்று கேட்டிருக்கிறீர்கள். சட்டத்தின் முழு அதிகாரத்தையும் கையில் வைத்திருந்த மௌரியப் பேரரசர் அசோகரே இதற்கு விடை எழுதி வைத்திருப்பதால், அவரிடமிருந்து தொடங்குகிறேன்.

தில்லி ஃபெரோஸ் ஷா கோட்லாவில் நிற்கும் அசோகர் தூண், ஹரியாணாவின் தோப்ராவிலிருந்து 14ஆம் நூற்றாண்டில் ஃபெரோஸ் ஷா துக்ளக் கொண்டுவந்தது. அவர் தூண்களில் வெட்டுவித்த சாசனங்களில் ஏழாவது அதில் மட்டுமே காணப்படுகிறது. மக்களிடம் அறம் வளர்ந்தது இரண்டு வழிகளால் என்கிறார் அசோகர்: ஒன்று நியமம், அதாவது ஆணையால் விதிக்கும் கட்டுப்பாடு, மற்றொன்று மனம் தானே ஆராய்ந்து இணங்குவது. இவற்றில் நியமத்துக்கு அவர் இடும் அடைமொழி ‘லகு’. இலேசானது என்று பொருள். கிளி, வௌவால், ஆமை என்று பெயர் சொல்லிக் கொலைத்தடை விதித்தவரே, அந்த ஆணைகளால் நடந்தது கொஞ்சம்தான், மனமாற்றத்தால் நடந்ததே அதிகம் என்று கல்லில் வெட்டச் சொல்லியிருக்கிறார். ஆட்சி அனுபவத்திலிருந்து பிறந்த இந்த வாக்குமூலத்தை நான் மிகப் பெரிதாக மதிக்கிறேன்.

அவருடைய மாற்றம் கலிங்கப் போரில் தொடங்கியது. ஒரு லட்சம் பேர் கொல்லப்பட்டதையும் ஒன்றரை லட்சம் பேர் பெயர்த்துச் செல்லப்பட்டதையும் பதின்மூன்றாம் பாறைச் சாசனம் வெற்றியாக அல்லாமல் வருத்தமாகப் பதிவு செய்கிறது. ஆனால் என்னை அதைவிட அதிகமாகத் தொடுவது முதலாம் பாறைச் சாசனம். முன்பு அரண்மனை அடுக்களைக்காக நாள்தோறும் எண்ணற்ற உயிர்கள் கொல்லப்பட்டன, இப்போது இரண்டு மயில்களும் ஒரு மானும் மட்டுமே, அந்த மானும் தவறாமல் அல்ல, இனி இவையும் கொல்லப்படமாட்டா என்கிறார். இன்னும் முழுமையாக விட்டபாடில்லை என்று தன் அடுக்களைக் கணக்கையே ஊரறியக் காட்டும் அந்த மனத்திலிருந்துதான், சோழ பாண்டிய நாடுகள் வரை மனிதர்க்கும் விலங்குக்கும் மருத்துவ ஏற்பாடு செய்ததாக இரண்டாம் பாறைச் சாசனம் கூறும் பணியும் வந்தது.

அவர் முழுமை பெற்றவர் அல்லர். வருத்தத்தைச் சொல்லும் அதே சாசனத்தில் காட்டுவாசிகளுக்கு எச்சரிக்கையும் இருக்கிறது. மரண தண்டனையை அவர் நீக்கவில்லை, மூன்று நாள் அவகாசம் மட்டுமே தந்தார். அவர் மறைந்து ஏறத்தாழ 50 ஆண்டுகளில் மௌரியப் பேரரசும் முடிந்தது. சட்டத்தையும் கருவூலத்தையும் அடுத்தவர் கையில் ஒப்படைக்கலாம். மனம் அடைந்த பக்குவத்தை அப்படி ஒப்படைக்க முடியாது, ஒவ்வொருவரும் முதலிலிருந்து தொடங்கியாக வேண்டும்.

அதை நான் எங்கள் மளிகைக் கடையில் அறிந்தேன். மனிதன் தான் செய்த நன்மையையே பார்க்கிறான், தீமையைப் பார்ப்பதில்லை என்கிறது மூன்றாம் தூண் சாசனம். அப்பாவிடமிருந்து கடை என் கைக்கு வந்த முதல் ஆண்டில், தீபாவளி நெரிசலில், கனமான காகிதப் பையையும் சேர்த்தே பருப்பை நிறுத்துக் கொடுத்துக்கொண்டிருந்தேன். தராசு முத்திரையிடப்பட்டது, துல்லியமானது. எந்த அதிகாரி வந்து சோதித்திருந்தாலும் அதில் குறை கண்டிருக்க முடியாது. நானும் என்னை நாணயமான வியாபாரி என்றே நம்பியிருந்தேன். ஒரு மாலை அப்பா கல்லாவுக்கு அருகே வந்து, வெறும் பை ஒன்றை எடுத்துத் தட்டில் வைத்தார். 18 கிராம் காட்டியது. அவர் ஒன்றும் பேசாமல் பையை மடித்து வைத்துவிட்டு உள்ளே போனார். அன்று இரவு எனக்கு உறக்கம் வரவில்லை. மறுநாள் காலை முதல், பையை வைத்துத் தராசைப் பூஜ்ஜியத்துக்குக் கொண்டுவந்த பிறகே பருப்பைக் கொட்டுகிறேன்.