பதினோரு மணி மேகம்

போன இதழில், கோடையில் மலை ஏறுகிறவர்கள் சந்தேகம் இருந்தால் எழுதலாம் என்று கேட்டிருந்தேன். ஒரு பை நிறையக் கடிதம் வந்துவிட்டது. புதிதாகப் படிப்பவர்களுக்காக: நான் வால்பாறையில் ஒரு டீ எஸ்டேட்டில் 31 வருஷம் ஃபீல்டு ஆபீசராக இருந்தவன். தினமும் காலை எட்டரைக்கு மழைமானியில் சேர்ந்த தண்ணீரை அளந்து ரிஜிஸ்டரில் எழுதுவதும் என் வேலை. வானிலையில் பட்டம் எதுவும் கிடையாது. நிறைய நனைந்திருக்கிறேன்.

கேள்வி: மார்ச் மாதம் வெள்ளியங்கிரி போனோம். செல்போனில் ‘கோவை 36 டிகிரி, மழை இல்லை’ என்று காட்டியது. ஏழாவது மலையில் விடியற்காலை பல் கிட்டிப்போய் நின்றோம். ஆப் பொய் சொல்கிறதா? — திருப்பூர் வாசகர்

பாவம், ஆப்பை ஏன் திட்டுகிறீர்கள்? நீங்கள் விசாரித்தது கோவையை, போய் நின்றது வெள்ளியங்கிரியில். மேலே போகப்போக 100 மீட்டருக்குச் சுமார் 0.6 டிகிரி குறையும். கோவை கடல்மட்டத்திலிருந்து 410 மீட்டர் போல; உச்சி 1,700-க்கு மேல். எட்டு டிகிரி அங்கேயே போயிற்று. 36 என்பது மத்தியானக் கணக்கு, நீங்கள் நின்றதோ விடிகாலை நாலரை மணிக்கு.

இதுகூடப் பெரிய விஷயமில்லை. ராத்திரி முழுக்க ஏறியதில் சட்டை பிழிந்தால் சொட்டுமளவு வியர்வை. பலர் வழியில் ஆண்டி சுனையில் முழுக்கு வேறு போடுகிறார்கள். அந்த ஈரத்தோடு காற்று வீசும் மொட்டைப் பாறையில் உட்கார்ந்தால் 15 டிகிரியே உடம்பை உலுக்கிவிடும். ஸ்வெட்டர் மாட்டிக்கொண்டு ஏறுகிறவர்களைப் பார்த்தால் எனக்குச் சிரிப்பு வரும். உள்ளேயே வெந்து, இன்னும் நனைவார்கள். மெல்லிய சட்டையோடு ஏறுங்கள். கடைசி ஏற்றம் முடிந்ததும், உட்காருவதற்கு முன்னாலேயே, உலர்ந்த பனியன் ஒன்றை மாற்றிவிட்டு அதன்மேல் ஸ்வெட்டர் போடுங்கள். கூட வந்தவர் நடுங்குவதை நிறுத்திவிட்டு உளற ஆரம்பித்தால் தரிசனத்தைவிட அவரைப் போர்த்துவது முக்கியம்.

கேள்வி: ‘மாவட்டத்தில் ஓரிரு இடங்களில் இடியுடன் மழை’ என்றால் என்ன அர்த்தம்? எப்போதும் இதையேதான் சொல்கிறார்கள்! — திண்டுக்கல் வாசகர்

எப்போதும் இதையே சொல்வதில்லை, கவனித்துக் கேளுங்கள். வானிலைத் துறையில் அதற்கு அளவு உண்டு. ‘ஓரிரு இடங்கள்’ என்றால் அந்தப் பகுதியில் உள்ள மழைமானிகளில் கால்வாசிக்குள். ‘ஒருசில இடங்கள்’ என்றால் கால்வாசியிலிருந்து பாதி வரை. ‘பெரும்பாலான இடங்கள்’ என்றால் முக்கால்வாசிக்கு மேல். எத்தனை இடத்தில் பெய்யும் என்பதற்குத்தான் இந்தக் கணக்கு, எவ்வளவு பெய்யும் என்பதற்கு இல்லை. ஓரிரு இடத்தில் பெய்வது கொட்டித் தீர்ப்பதாகவும் இருக்கலாம். எங்கள் எஸ்டேட்டில் ஓடை மாதிரி தண்ணீர் ஓடிய நாளில், இரண்டு கிலோமீட்டர் தள்ளி அடுத்த டிவிஷனில் ரோட்டுப் புழுதி அப்படியே கிடந்ததை எத்தனையோ முறை பார்த்திருக்கிறேன். அந்த ‘ஓரிரு இடம்’ கோடையில் பெரும்பாலும் மலையாகத்தான் இருக்கும்.

கேள்வி: மே முதல் வாரம் நண்பர்கள் எட்டுப் பேர், அனுமதி வாங்கி, ஆனைமலைப் பக்கம் ஒருநாள் நடை போகிறோம். காலை ஒன்பது மணிக்குக் கிளம்பினால் போதுமா? — சேலம் வாசகர்

போதாது தம்பி. ஆறு மணிக்குக் காலை எடுத்து வையுங்கள்.

கோடையில் மலைக்கு ஒரு டைம்டேபிள் உண்டு. ஆறு மணிக்கு வானம் கழுவிவிட்டது போல இருக்கும். வெயில் சரிவில் விழ விழ, காற்று சூடாகி மலையை ஒட்டி மேலேறும். அரபிக்கடல் பக்கமிருந்து வரும் ஈரம் அதோடு சேரும். பத்து மணிக்கு இலவம்பஞ்சு மாதிரி நாலைந்து துண்டு மேகம். அழகாக இருக்கும், போட்டோ எடுத்துக்கொள்ளுங்கள். நான் பார்ப்பது பதினோரு மணி மேகத்தை. அது அகலத்தைவிட உயரமாக வளர்ந்து, தலை காலிஃபிளவர் போல முட்டிக்கொண்டு நின்றால், அன்றைக்கு உச்சி வேண்டாம், திரும்பிவிடுங்கள். இரண்டு மணி வாக்கில் அடிவயிறு கறுக்கும். திடீரென்று மண்வாசனையோடு ஒரு குளிர்காற்று முகத்தில் அடிக்கும். அதற்குப் பிறகு உங்கள் கையில் சில நிமிஷம்தான்.

ஒரு சித்திரை மாதம் அப்படித்தான் காற்று அடித்தது. கொழுந்து பறித்துக்கொண்டிருந்த பெண்கள் பையோடு ஒரு சில்வர் ஓக் மரத்தடிக்கு ஓடினார்கள். வயசான மேஸ்திரி ஒருவர், வாயில் வராத வார்த்தையெல்லாம் சொல்லி அவர்களை அங்கிருந்து விரட்டி, கீழே ரோட்டோரத் தாழ்வில் ஆளுக்கொரு பக்கமாகக் குந்த வைத்தார். ஐந்து நிமிஷம் ஆகியிருக்காது, அந்த மரத்தில் இடி விழுந்தது. மழை விட்டதும் போய்ப் பார்த்தேன்: உச்சியிலிருந்து வேர் வரை ஒரு சாண் அகலத்துக்குப் பட்டை உரிந்து, உள்ளே மரம் தேங்காய்க் கீற்று மாதிரி வெளுத்துத் தெரிந்தது. உரிந்த சிம்புகள் பத்தடி தள்ளித் தேயிலைச் செடிகளின் மேல் கிடந்தன. அடுத்த வாரம் மரத்தைச் சுற்றி வட்டமாகச் செடிகள் கருகின. திட்டு வாங்கிய பெண்கள் அந்த மேஸ்திரிக்குத் தீபாவளிக்கு வேட்டி எடுத்துக் கொடுத்தார்கள்.

மின்னலைப் பார்த்ததும் எண்ணுங்கள். மூன்று விநாடிக்கு ஒரு கிலோமீட்டர். முப்பது எண்ணுவதற்குள் இடி கேட்டால் அதன் எல்லைக்குள் வந்துவிட்டீர்கள். முகட்டை விட்டு இறங்குங்கள். தனி மரத்தடியும் பாறை இடுக்கும் வேண்டாம். தரையில் பாயும் மின்சாரம் இடுக்கைத் தாண்டிக் குதிக்கும். இறங்க நேரமில்லையென்றால் எட்டுப் பேரும் தள்ளித் தள்ளி, பாதங்களைச் சேர்த்துக் குந்துங்கள், படுக்காதீர்கள். கடைசி இடி கேட்டு அரைமணி கழித்துத்தான் எழுந்து நடக்கலாம். புனே வெப்பமண்டல வானிலை ஆய்வு நிறுவனத்தின் ‘தாமினி’ ஆப், சுற்று வட்டாரத்தில் மின்னல் விழுவதைக் காட்டும். ஆனால் காட்டில் சிக்னல் இருக்க வேண்டுமே. கண்ணை நம்புங்கள்.

கேள்வி: சதுரகிரியில் மழையே இல்லாதபோது ஓடையைக் கடக்க விடமாட்டேன் என்கிறார்கள். இது நியாயமா? — மதுரை வாசகி

நியாயம்தான் அம்மா. உங்கள் தலைக்கு மேல் மழை இல்லை, ஓடையின் தலையில் இருக்கும். 2015 மே மாதம் அதே மலையில் காட்டாற்று வெள்ளம் பக்தர்களை அடித்துக்கொண்டு போனது நினைவிருக்கும். காய்ந்த மலையில் பாறைமேல் விழும் கோடை மழை ஊறாமல் ஒரேயடியாக இறங்கும். தெளிந்த தண்ணீர் கலங்கினால், சருகும் சுள்ளியும் மிதந்து வந்தால், மேலே லாரி வருகிற மாதிரி ஒரு இரைச்சல் கேட்டால், செருப்பைத் தேடாமல் கரையேறுங்கள். பெரும்பாலும் சில மணி நேரத்தில் வடிந்துவிடும். உட்கார்ந்திருங்கள்.

கேள்வி: பங்குனியில் மழைதான் இல்லையே, அப்போது ஏன் மலைப்பாதைகளை மூடுகிறார்கள்? — சென்னை வாசகர்

மழை இல்லாததுதான் காரணம். 2018 மார்ச் 11 அன்று தேனி மாவட்டம் குரங்கணியில் மலையேற்றம் போனவர்கள் காட்டுத்தீயில் சிக்கி இருபதுக்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். நான் சொன்ன அதே மேலேறும் காற்று, பகலில் தீயையும் மேலே தள்ளும். சரிவு 10 டிகிரி கூடினால் தீயின் வேகம் ஏறக்குறைய இரட்டிப்பாகும். ஆளுயரக் காய்ந்த புல்லில் அதை எந்த இளவட்டமும் ஓடி ஜெயிக்க முடியாது. புகை வாசனை வந்தால் மேலே ஓடாதீர்கள். பக்கவாட்டில் நகர்ந்து வெற்றுப் பாறைக்கோ, ஓடைப் படுகைக்கோ, ஏற்கெனவே எரிந்து ஆறிய நிலத்துக்கோ போங்கள். மூடியிருந்தால் போகாதீர்கள் என்பதை நான் வேறு சொல்லணுமா?

கேள்வி: சித்திரை, வைகாசி இளவேனில்தானே? இதமாக அல்லவா இருக்க வேண்டும்? — தஞ்சை வாசகி

பெயர் வைத்தவர் கொடைக்கானலில் குடியிருந்திருப்பார்.

கேள்வி: உங்கள் பையில் என்னென்ன இருக்கும்? — ஈரோடு வாசகர்

மாற்றுப் பனியன், மழைக்கோட்டு, விசில், டார்ச், இரண்டு லிட்டர் தண்ணீர், உப்பு போட்ட எலுமிச்சைச் சாறு, தொப்பி (மலை வெயில் குளிர்காற்றில் தெரியாது, சாயங்காலம் கழுத்தைத் தொட்டால் தெரியும்). குடை கிடையாது. ஒருமுறை எடுத்துப் போனேன். அது இன்னும் ஏதோ ஒரு சோலையில் தலைகீழாகத் தொங்கிக்கொண்டிருக்கிறது.