சான்றிதழ் எரிந்தால் படிப்பும் எரியுமா?

கேள்வி: வீட்டோடு என் பட்டச் சான்றிதழும் எரிந்துவிட்டது. நான் சிவில் இன்ஜினியர் என்று இனி யார் நம்புவார்கள்?

பதில்: நம்ப வைக்க வழி இருக்கிறது. பிற நாட்டு உயர்கல்வித் தகுதிகளை அங்கீகரிப்பதற்காக 1997-இல் உருவான லிஸ்பன் ஒப்பந்தத்தின் 7-ஆம் பிரிவு உங்களைப் போன்ற அகதிகளுக்காகவே எழுதப்பட்டது. ஆவணம் காட்ட முடியாவிட்டாலும் அகதியின் படிப்பை மதிப்பிட உறுப்பு நாடுகள் ஏற்பாடு செய்ய வேண்டும். ஐரோப்பிய கவுன்சில் (Council of Europe) தரும் அகதிகளுக்கான தகுதிப் பாஸ்போர்ட், அதாவது படிப்பை மதிப்பிட்டு விவரிக்கும் ஆவணம், அந்த வழியில் வந்ததுதான். யுனெஸ்கோவும் 2019-இல் ஜாம்பியாவில் இதே மாதிரி ஒன்றைத் தொடங்கியது.

இந்தப் பாஸ்போர்ட்டுக்கு முதலில் படிவம், அப்புறம் நேர்காணல். எதிரே இருப்பவர்கள் படிப்பைப் பற்றித் துருவுவார்கள். வலிமையை அறிய கான்கிரீட் கட்டியை எத்தனையாவது நாளில் உடைத்துப் பார்ப்பீர்கள் என்றால், படித்தவருக்குத் தூக்கத்தில்கூட 28 என்று வரும். பொய் சொல்பவர் அங்கேதான் தடுமாறுவார்.

இன்றே ஒரு நோட்டு எடுங்கள். செமஸ்டர் வாரியாகப் பாடங்கள், பாடம் நடத்தியவர்கள், இறுதியாண்டு புராஜெக்ட் என எல்லாவற்றையும் எழுதுங்கள். பழைய மின்னஞ்சலில் ஏதாவது ஸ்கேன் கிடக்கும், தேடுங்கள். வகுப்புப் படம்கூட உதவும்.

கேள்வி: எங்கள் நாட்டுத் தூதரகத்தில் நகல் கேட்கலாமா?

பதில்: வக்கீலைக் கேட்காமல் அந்தப் பக்கமே போகாதீர்கள். விட்டு வந்த நாட்டின் பாதுகாப்பை நீங்களாகவே மறுபடி நாடினால் அகதி நிலை போகலாம் என்கிறது 1951 அகதிகள் ஒப்பந்தம். ஒரு நகல் கேட்டதாலேயே அப்படி ஆகிவிடாது. ஆனாலும் நீங்கள் இருக்கும் இடம் தெரிந்துபோனால் ஊரில் உள்ள உறவினருக்குத் தொல்லை. அதே ஒப்பந்தத்தின் 25-ஆம் பிரிவின்படி, சொந்த நாட்டில் வாங்க வேண்டிய இத்தகைய சான்றுகளுக்குத் தஞ்சம் தந்த நாடே உதவ வேண்டும். அங்கே கேளுங்கள்.

கேள்வி: நான் டாக்டர். தகுதிப் பாஸ்போர்ட் கிடைத்துவிட்டது. எப்போது நோயாளிகளைப் பார்க்கலாம்?

பதில்: இப்போது இல்லை. அது உங்கள் படிப்பை விவரிக்கும் காகிதம், உரிமம் இல்லை. உரிமம் தருவது அந்த நாட்டு மருத்துவக் கவுன்சில் போன்ற அமைப்பு. உதாரணமாக, பிரிட்டனில் மொழித் தேர்வைத் தாண்டி, வெளிநாட்டில் படித்த டாக்டர்களுக்கான 'பிளாப்' (PLAB) தேர்வை எழுத வேண்டும். அதன் இரண்டாம் பகுதியில் நடிகர்கள் நோயாளிகளாக வந்து உட்காருவார்கள். மருத்துவம் தெரிந்தவரையும் மொழி காலை வாரலாம். ஆகவே மொழிக்கே முதல் ஆறு மாதத்தைக் கொடுங்கள் என்பேன்.

கேள்வி: எலக்ட்ரீசியன் பயிற்சி முடித்தவன் நான். பேப்பர் எதுவும் இல்லை.

பதில்: பேப்பர் இல்லாவிட்டால் கையைக் காட்டுங்கள். வெளிநாட்டில் பெற்ற தொழில் தகுதிகளுக்காக ஜெர்மனியில் 2012 முதல் நடப்பில் உள்ள அங்கீகாரச் சட்டம் இதற்கு இடம் தருகிறது. தேர்வாளர் முன்னால் வேலையைச் செய்து காட்டி, ஏன் அப்படிச் செய்தீர்கள் என்று விளக்கலாம்.