மூக்குத் தண்டு வளைவும் மணம் தெரியாமையும்: காது மூக்கு தொண்டை மருத்துவர் பதில்கள்

கேள்வி (காசிமேடு, மீன் விற்பவர்): ஆறு மாதமாக எனக்கு மீன் வாடையே தெரியவில்லை. செவுளைத் திறந்து நிறம் பார்த்துத்தான் மீனை எடுக்கிறேன். ஸ்கேனில் மூக்குத் தண்டு வளைந்திருக்கிறதாம். அறுவை செய்தால் சரியாகுமா?

பதில்: அம்மா, தண்டு சிறிதும் வளையாத மூக்கு அரிது என்பதால், ஸ்கேனில் வளைவு தெரிந்தவுடன் பழியை அதன்மேல் போட்டுவிடக் கூடாது. உங்கள் வளைவு பெரும்பாலும் சிறு வயதிலேயே வந்திருக்கும். இத்தனை ஆண்டுகள் அது இருந்தும் வாடை தெரிந்ததல்லவா? மணத்தை உணரும் நரம்பிழைகள் மூக்கின் உச்சியில், இரு கண்களுக்கு நடுவே, மிகச் சிறிய இடத்தில் இருக்கின்றன. ஒவ்வாமை வீக்கமோ பாலிப் என்னும் சதை வளர்ச்சியோ காற்றை அங்கே எட்டவிடாமல் தடுத்தாலும் மணம் குறையும்; சளிக்காய்ச்சலிலோ கொரோனாவிலோ அந்த இடமே பழுதுபட்டாலும் குறையும். முன்னதற்கு மருந்தும் தேவைப்பட்டால் அறுவையும் உதவும். பின்னதற்குத் தண்டை நேராக்கினால் மூச்சு வேண்டுமானால் எளிதாகும், வாடை திரும்பும் என்று யாரும் உறுதி தர முடியாது. ஸ்டான்லி அரசு மருத்துவமனையின் காது மூக்கு தொண்டைப் பிரிவில் காட்டி, எண்டோஸ்கோபி முடிந்த பிறகு அறுவையைப் பற்றி முடிவெடுங்கள்.

கேள்வி (பெரம்பூர்): மூக்கடைப்புக்கு இரண்டு ஆண்டுகளாக இரவில் சொட்டு மருந்து விடுகிறேன். தொடரலாமா?

பதில்: கூடாது. சைலோமெட்டாசொலின் வகைச் சொட்டு மருந்தை ஒரு வாரத்துக்கு மேல் விட்டால், அந்த மருந்தே அடைப்பை உண்டாக்கத் தொடங்கிவிடும்.

கேள்வி (மணலி): என் கணவருக்குத் தாளிப்பு மணம் தெரிவதில்லை, அமோனியா நெடி மட்டும் உடனே தெரிகிறது. நடிக்கிறாரோ?

பதில்: நடிக்கவில்லை, அம்மா. அமோனியாவின் எரிச்சலை உணர்வது மண நரம்பு அன்று, முகத்தின் உணர்ச்சி நரம்பு. ஆனால் சமையல் எரிவாயுவில் கசிவு தெரிவதற்காகச் சேர்க்கும் மெர்காப்டனின் நாற்றம் அவருக்குத் தெரியாமல் போகலாம். இரவில் ரெகுலேட்டரை மூடுவதை அவர் பொறுப்பில் மட்டும் விடாதீர்கள்; கசிவு காட்டும் அலாரம் ஒன்றும் பொருத்திவிடுங்கள்.

கேள்வி (வியாசர்பாடி): கொரோனாவுக்குப் பின் மணம் குறைந்துவிட்டது. வீட்டிலேயே பயிற்சி உண்டா, ஐயா?

பதில்: உண்டு. ஜெர்மனியின் டிரெஸ்டன் நகரில் தாமஸ் ஹும்மல் குழுவினர் 2009இல் வெளியிட்ட ஆய்வில் ரோஜா, யூகலிப்டஸ், எலுமிச்சை, கிராம்பு ஆகிய நான்கு மணங்களைக் காலையும் மாலையும் 12 வாரம் முகரச் செய்தார்கள். பலருக்கு முன்னேற்றம் இருந்தது, எல்லோருக்கும் அன்று. ஒவ்வொன்றையும் சுமார் 20 நொடி, அதன் மணத்தை நினைவில் கொண்டுவந்தபடி முகருங்கள். யூகலிப்டஸ் தைலத்தின் குளிர்ச்சியை மணம் என்று எண்ணி ஏமாற வேண்டாம். அதுவும் முக நரம்பின் வேலையே. கிராம்பு மட்டும் புதிதாக இருக்கட்டும்: நகத்தால் அழுத்தினால் எண்ணெய் கசிய வேண்டும்.