வெளிநாட்டில் ஒரு செமஸ்டர்: ஹோஸ்ட் ஃபேமிலி என்றால் என்ன? ஹாஸ்டல் போதாதா?

நம் கல்லூரியில் படித்துக்கொண்டே, அதனோடு ஒப்பந்தமுள்ள வெளிநாட்டுப் பல்கலைக்கழகத்தில் நான்கைந்து மாதம் படித்துத் திரும்புவதுதான் எக்ஸ்சேஞ்ச் செமஸ்டர். அந்த மாதங்களில் மாணவருக்கு ஓர் அறை கொடுத்து, தங்களோடு சாப்பிடவும் உட்காரவைக்கும் உள்ளூர்க் குடும்பமே ஹோஸ்ட் ஃபேமிலி.

ஹாஸ்டலில் நம்மவர்களோடு தமிழே பேசி நாளை ஓட்டிவிடலாம். ஹோஸ்ட் ஃபேமிலி வீட்டில் அது நடக்காது. கேரள எல்லையோரம் மார்த்தாண்டம், களியக்காவிளைப் பக்கத்தில் மலையாள எழுத்து ஒன்றுகூடத் தெரியாமல் மலையாளம் சரளமாகப் பேசுகிறவர்கள் எத்தனை பேர்! பக்கத்து வீட்டில் மரச்சீனியும் மீன்கறியும் சாப்பிடும்போது காதில் விழுந்த மொழி அது. ஹோஸ்ட் ஃபேமிலியிடமும் அதேதான்.

மொழியோடு பழக்கமும் வரும். ஜப்பானில் குளியல் தொட்டிக்கு வெளியே சோப்புப் போட்டுக் குளித்த பிறகே தொட்டியில் இறங்க வேண்டும். அதே நீரில்தான் வீட்டில் மற்றவர்களும் இறங்குவார்கள். ஜெர்மனியில் பல வீடுகளில் இரவுச் சாப்பாடு ரொட்டியும் சீஸும்தான், சூடாக எதுவும் இருக்காது. நம்மைக் கவனிக்கவில்லையே என்று வருந்த வேண்டாம்.

நாகர்கோவிலில் படிக்கச் சித்தி வீட்டில் தங்கியவர்களுக்கு இது எளிதில் புரியும். விருந்தாளியும் இல்லை, வாடகைக்காரரும் இல்லை. சாப்பிட்ட தட்டைக் கழுவி வைக்க வேண்டும், வர நேரமாகும் என்றால் போன் செய்ய வேண்டும்.

இது இலவசம் என்று பலர் நினைக்கிறார்கள். சில பள்ளி மாணவர் திட்டங்களில் அப்படி உண்டு. கல்லூரி மாணவர்களுக்குப் பெரும்பாலும் கட்டணம் இருக்கும், அதில் எத்தனை வேளைச் சாப்பாடு சேரும் என்பதை எழுத்தில் கேட்டு வாங்குங்கள்.