நஞ்சின் வீரியம் குறையட்டும், உருவம் குலையக் கூடாது

கேள்வி: விஷமுறிவு மருந்துக்காகக் குதிரைகளுக்கு நாக நஞ்சு செலுத்தும் பண்ணையில் கால்நடை மருத்துவராக இருக்கிறேன். ஊசி போட்ட இடம் வீங்குகிறது, சீழ் கட்டுகிறது. ஃபார்மலினா, காமா கதிரா, எதைக் கொண்டு நஞ்சின் வீரியத்தைக் குறைக்கலாம்?

பதில்: நஞ்சில் கை வைப்பதற்கு முன் ஊசி போடும் முறையைப் பாருங்கள். சீழ்க்கட்டிக்கு நஞ்சு மட்டும் காரணமாக இருக்காது. அதோடு கலக்கும் ஃப்ராய்ண்டின் முழு அட்ஜுவண்டில் (நோயெதிர்ப்பைத் தூண்டும் துணைப்பொருள்) கொல்லப்பட்ட மைக்கோபாக்டீரியாவும் கனிம எண்ணெயும் இருக்கின்றன. அதை அதிக அளவில் ஒரே இடத்தில் இறக்கினால் கட்டி வரத்தான் செய்யும். முதல் ஊசியோடு அதை நிறுத்திவிடுங்கள். 1997இல் தாய்லாந்து ஆய்வாளர்கள் நாக நஞ்சைக் குறைந்த அளவில், குதிரையின் கழுத்தைச் சுற்றிப் பல இடங்களில் துளித்துளியாகச் செலுத்தி, வீரியமான விஷமுறிவு மருந்து பெற்றார்கள். எனக்கு மிகவும் பிடித்த வழி இது. குதிரைக்கு வேதனை குறைவு, நஞ்சும் மிச்சம்.

அப்படியும் தொல்லை தீரவில்லை என்றால் ஃபார்மலினை, அதாவது ஃபார்மால்டிஹைடு கரைசலை, முயலலாம். அது நஞ்சுப் புரதத்தில் உள்ள லைசின் என்ற அமினோ அமிலத்தின் அமினோ தொகுதிகளைப் பிடித்து, புரதங்களை ஒன்றோடொன்று பிணைத்துவிடுகிறது. அளவு கூடினால் புரதத்தின் உருவமே மாறிவிடும். அப்போது குதிரை உண்டாக்கும் எதிர்ப்புரதம் (நஞ்சைப் பிடித்து முறிக்க உடல் செய்யும் புரதம்) மாறிப்போன அந்த உருவத்தைத்தான் அடையாளம் காணும். கடித்த பாம்பின் நஞ்சை விட்டுவிடும். அளவு குறைந்தாலோ வீரியம் மிச்சம் இருக்கும். எஞ்சிய ஃபார்மலினை டயாலிசிஸ் செய்து (நுண்சவ்வு வழியே வடித்து) நீக்காவிட்டால் அதுவே தசையை அரிக்கும்.

காமா கதிரில் ரசாயன எச்சம் இல்லை. பிரேசிலில் தென் அமெரிக்கக் கிலுகிலுப்பைப் பாம்பின் நஞ்சுக்கு கோபால்ட்-60 என்ற கதிர்வீச்சுத் தனிமம் மூலம் 2 கிலோகிரே (கதிரளவின் அலகு) செலுத்தி, வீரியம் குறைந்தும் எதிர்ப்புரதத்தைத் தூண்டும் திறன் நிலைத்ததைக் கண்டார்கள். நஞ்சு நீரில் கரைந்திருக்க வேண்டும். கதிர் நீரைப் பிளந்து உண்டாக்கும், வினைத்திறன் மிகுந்த ஹைட்ராக்சில் அணுத்தொகுதிகள்தாம் பெரும்பாலான வேலையைச் செய்கின்றன, உலர்ந்த பொடியில் அந்த விளைவு வெகுவாகக் குறையும். ஒரு நஞ்சுக்குப் பொருந்திய கதிரளவு இன்னொன்றுக்குப் பொருந்தும் என்று எண்ண வேண்டாம்.

உங்களுக்கு நாகம் என்பதால் ஒன்று சொல்ல வேண்டும். அதன் நரம்பு நச்சுகள் 60–75 அமினோ அமிலம் கொண்ட மிகச் சிறிய புரதங்கள். கொல்லும் திறன் அதிகம், எதிர்ப்புரதத்தைத் தூண்டும் திறன் குறைவு. ஃபார்மலின் போலவே புரதங்களைப் பிணைக்கும் குளூட்டரால்டிஹைடால் அவற்றைப் பெரிய திரளாகப் பிணைத்தால் வீரியமும் குறையும், உடல் அவற்றை எளிதில் கவனிக்கவும் செய்யும். நானாக இருந்தால் முதல் சில ஊசிகளுக்கு மட்டும் இப்படி மாற்றிய நஞ்சைத் தந்துவிட்டு, குதிரையின் உடல் பழகியதும் இயல்பான நஞ்சைச் சிறு அளவில் சேர்ப்பேன்.

சோதனையில் சமரசம் வேண்டாம். நஞ்சை மாற்றுவதற்கு முன்னும் பின்னும் சுண்டெலிகளில் பாதியைக் கொல்லும் அளவைப் பாருங்கள். அப்புறம் குதிரையின் சீரம் (ரத்தத்தின் தெளிநீர்) எடுத்து, மாற்றாத நஞ்சை அது முறிக்கிறதா என்று பார்க்க வேண்டும். எலிசா (எதிர்ப்புரதம் நஞ்சோடு ஒட்டுவதை அளக்கும் சோதனை) எண் ஏறியதை மட்டும் நம்பினால் ஏமாந்துபோவீர்கள், ஏனென்றால் ஒட்டிக்கொள்ளும் எதிர்ப்புரதம் எல்லாம் நஞ்சை முறிப்பதில்லை. ஒப்பிட்டுப் பார்க்க சில குதிரைகளைப் பழைய முறையிலேயே வைத்திருங்கள். இப்போது புண்ணோடு இருப்பவற்றை அதில் சேர்க்காதீர்கள். ஆறும்வரை அவற்றுக்கு ஊசியும் வேண்டாம், ரத்தமும் எடுக்க வேண்டாம்.