சிறிய கட்டட கான்ட்ராக்டருக்கு எந்த இன்சூரன்ஸ் தேவை?

வீடு கட்டித்தரும் சிறு ஒப்பந்ததாரர் நீங்கள், ஒரு 'கான்ட்ராக்டர்ஸ் ஆல் ரிஸ்க்' பாலிசி போதுமா என்று கேட்கிறீர்கள். போதாது. அது கட்டிக்கொண்டிருக்கும் வேலைக்கும், மூன்றாம் நபருக்கு நேரும் சேதத்துக்கும்தான். சாரத்திலிருந்து விழும் உங்கள் சொந்த ஆள் அதில் மூன்றாம் நபர் இல்லை. அவருக்குத் தொழிலாளர் இழப்பீட்டு பாலிசி தனியாக எடுக்க வேண்டும். சென்ட்ரிங் மேஸ்திரி கூட்டிவந்த ஆள்தானே என்று கைகழுவவும் முடியாது, சட்டப்படி இழப்பீட்டை முதலில் உங்களிடமே கேட்கலாம், அப்புறம் நீங்கள் மேஸ்திரியிடம் வசூலித்துக்கொள்ள வேண்டியதுதான்.

பிரீமியத்தை மிச்சம்பிடிக்க மதிப்பைக் குறைத்துப் போடுவார்கள் பாருங்கள், அதுதான் பெரிய முட்டாள்தனம். 1 கோடி வேலையை 50 லட்சத்துக்குக் காப்பீடு செய்துவிட்டு 10 லட்சம் சேதமானால், பாதிதான், அதாவது 5 லட்சம், அதிலும் பாலிசிப்படி நீங்களே ஏற்க வேண்டிய தொகையைக் கழித்துக்கொண்டுதான் தருவார்கள்.

அடித்தளம் தோண்டும்போது பக்கத்து வீட்டுச் சுவர் விரிசல் விட்டால்? அதிர்வாலோ மண் பிடிப்பு தளர்ந்தோ வரும் சேதம் வழக்கமான பாலிசியில் கிடையாது, கூடுதல் பணம் கட்டிச் சேர்க்க வேண்டும். தோண்டுவதற்கு முன்பே அந்தச் சுவரைத் தேதியோடு போட்டோ எடுத்து வையுங்கள்.

தவறான டிசைனைச் சரிசெய்யும் செலவும் பொதுவாகக் கிடைக்காது. 2014 ஜூனில் சென்னை மௌலிவாக்கத்தில் 11 மாடிக் கட்டடம் சரிந்து 61 பேர் இறந்தார்களே, அதை நினைத்தாவது, டிசைனுக்கு அடிப்படையான மண் பரிசோதனைக்குக் கஞ்சத்தனம் வேண்டாம். வேலை இழுத்தால், பாலிசி முடியும் முன்பே நீட்டித்துவிடுங்கள்.