புதிய கணினியில் சீரியல் போர்ட் இல்லை என்கிறார்கள்: எடைமேடையை என்ன செய்வது?

ஆரணிக்கு அருகே அரிசி ஆலை நடத்தும் வாசகர் ஒருவர் கேட்டிருக்கிறார்: "எங்கள் எடைமேடை அறையில் உள்ள கணினிக்கு 14 வயதாகிறது. எடை காட்டும் இண்டிகேட்டர் சீரியல் போர்ட்டிலும், மூன்று படி ரசீது அடிக்கும் டாட் மேட்ரிக்ஸ் பிரிண்டர் பேரலல் போர்ட்டிலும், மானிட்டர் விஜிஏ கேபிளிலும் இணைக்கப்பட்டுள்ளன. இந்த போர்ட்களெல்லாம் இப்போது வருவதே இல்லை, இண்டிகேட்டர் முதல் பிரிண்டர் வரை எல்லாவற்றையும் மாற்றிவிடுங்கள் என்று கடையில் சொல்கிறார்கள். இது உண்மையா?"

கடைக்காரர் சொன்னதில் பாதி உண்மை. லேப்டாப்களைப் பொறுத்தவரை சீரியலும் பேரலலும் போய்ப் பல ஆண்டுகள் ஆகிவிட்டன. விஜிஏயும் அநேகமாகப் போய்விட்டது. டெஸ்க்டாப்பின் நிலை வேறு. 2010 டிசம்பரில் இன்டெல், ஏஎம்டி ஆகிய சிப் நிறுவனங்கள், டெல், லெனோவா, சாம்சங், எல்ஜி ஆகியவற்றுடன் சேர்ந்து, 2015க்குள் விஜிஏயைக் கைவிடப்போவதாக அறிவித்தன. அந்தக் கெடு முடிந்து இத்தனை ஆண்டுகளுக்குப் பிறகும் விலை குறைந்த டெஸ்க்டாப் மதர்போர்டுகள் பலவற்றில் விஜிஏ போர்ட் வந்துகொண்டுதான் இருக்கிறது. 1987இல் ஐபிஎம் கொண்டுவந்த ஒரு இணைப்பு இவ்வளவு காலம் நிற்பதற்கு, உங்களைப் போல நன்றாக ஓடும் பழைய மானிட்டரை வைத்திருப்பவர்களே காரணம்.

சீரியல் போர்ட் அதைவிட மூத்தது. அதன் ஆர்எஸ்-232 தரம் 1960இல் வகுக்கப்பட்டது. அது இன்று கணினியின் பின்பக்கத்திலிருந்து மறைந்திருந்தாலும் பல டெஸ்க்டாப்களின் உள்ளே இன்னும் இருக்கிறது. பக்கவாட்டுத் தகட்டைக் கழற்றி மதர்போர்டின் கீழ் ஓரத்தைப் பாருங்கள். இரண்டு வரிசையாக ஐந்தைந்து ஊசிகள் நிற்கும், அவற்றில் ஒன்று மட்டும் வேண்டுமென்றே இல்லாமல் விடப்பட்டிருக்கும், பக்கத்தில் பொடி எழுத்தில், சீரியல் போர்ட்டைக் குறிக்கும் காம் 1 (COM1) என்ற பெயர் அச்சிட்டிருக்கும். அந்த மதர்போர்டின் ஊசி வரிசைக்குப் பொருந்தும் சிறு கேபிளையும் தகட்டையும் வாங்கி மாட்டினால், உங்களுக்கு வேண்டிய ஒன்பது ஊசி சீரியல் போர்ட் பின்பக்கத்தில் வந்துவிடும். அது இல்லாத போர்டு என்றால் பிசிஐ எக்ஸ்பிரஸ் சீரியல் கார்டு ஒன்றைச் செருகலாம். எடைமேடைக்கு இந்த இரண்டு வழிகளில் ஒன்றையே நான் முதலில் பரிந்துரைப்பேன்.

யூஎஸ்பி-சீரியல் கன்வெர்ட்டரும் வேலை செய்யும், ஆனால் அதில் மூன்று இடங்களில் ஆட்கள் மாட்டிக்கொள்கிறார்கள். முதலாவது, போர்ட் எண்: பழைய எடைமேடை மென்பொருள்கள் சில காம் 1 முதல் காம் 4 வரை மட்டுமே தேடும், கன்வெர்ட்டரோ காம் 7 என்று போய் உட்கார்ந்துகொள்ளும், விண்டோஸின் டிவைஸ் மேனேஜரில் அந்தப் போர்ட்டின் அட்வான்ஸ்டு பகுதிக்குப் போய் எண்ணை மாற்றிவிடலாம். மலிவான கன்வெர்ட்டர்களில், அதே கேபிளை வேறு யூஎஸ்பி துளையில் செருகினாலே எண் மாறிவிடும் என்பதால், ஒரு துளையை அதற்கென்றே ஒதுக்கி மேலே ஒரு துண்டுத் தாள் ஒட்டிவிடுங்கள். இரண்டாவது, சிப்: பழைய வகை பிஎல்2303 சிப் உள்ள கேபிள்களைப் புதிய விண்டோஸ் டிரைவர்கள் ஏற்க மறுக்கின்றன, எஃப்டிடிஐ சிப் உள்ளதைக் கேட்டு வாங்குவது நல்லது.

மூன்றாவதுதான் எனக்கு மிகவும் கவலை தருவது. எடைமேடையிலிருந்து அறைக்கு வரும் கேபிள் திறந்தவெளி வழியாக வருகிறது. ஐப்பசி மழையில் பக்கத்தில் இடி விழுந்தால், கேபிளில் தூண்டப்படும் மின்னழுத்தம் கன்வெர்ட்டரோடு நிற்காமல் மதர்போர்டு வரை போய்விடக்கூடும். நான் பார்த்த ஓர் ஆலையில் ஒரே மழை இரவில் கன்வெர்ட்டரும் கணினியும் சேர்ந்தே போயின. அறுவடை நேரத்தில் லாரிகள் வரிசையில் நிற்க, இரண்டு நாட்கள் எடையைக் கையால் எழுதினார்கள். ஆகவே எந்த வழியில் இணைத்தாலும் இடையில் ஆப்டிகல் ஐசொலேட்டர் (மின்தொடர்பு இல்லாமல் ஒளி வழியே தகவலைக் கடத்தும் அமைப்பு) உள்ள சாதனம் ஒன்று இருக்கட்டும், எடைமேடைக்கு எர்த்திங் சரியாக உள்ளதா என்றும் ஒருமுறை பார்த்துவிடுங்கள்.

மானிட்டர் எளிது. கணினியில் எச்டிஎம்ஐ மட்டும் இருந்தால், எச்டிஎம்ஐயிலிருந்து விஜிஏக்கு மாற்றும் கன்வெர்ட்டர் போதும். அது ஒருவழிப் பாதை. பார்வைக்கு ஒன்றுபோலவே இருக்கும் விஜிஏ-எச்டிஎம்ஐ கன்வெர்ட்டர் உங்களுக்கு உதவாது.

பிரிண்டர் பற்றிய பதில் உங்கள் பில் மென்பொருளைப் பொறுத்தது. அது விண்டோஸில் ஓடும் மென்பொருள் என்றால், யூஎஸ்பி-பேரலல் கேபிள் வாங்கி அதன் 36 முனை கொண்ட அகலமான முனையைப் பிரிண்டரில் மாட்டி, பிரிண்டர் டிரைவரில் யூஎஸ்பி போர்ட்டைத் தேர்ந்தெடுத்தால் வேலை முடிந்தது. விண்டோஸுக்கு முந்தைய டாஸ் காலத்து மென்பொருள் என்றால் அது பேரலல் போர்ட்டை எல்பிடி 1 (LPT1) என்ற பெயரிலேயே தேடும், இந்தக் கேபிள் அப்படி ஒரு போர்ட்டை உருவாக்குவதில்லை. அதைவிட முக்கியமானது, விண்டோஸ் 11 64 பிட் பதிப்பாக மட்டுமே வருகிறது, அதில் 16 பிட் டாஸ் நிரல்கள் நேரடியாக ஓடவே மாட்டா. எத்தனை போர்ட் இருந்தும் பயனில்லாத இடம் இது. டாஸ்பாக்ஸ்-எக்ஸ் போன்ற, பழைய டாஸ் கணினியைப் போலவே நடந்துகொள்ளும் எமுலேட்டர் மென்பொருளில் ஓட்டி அதன் வழியே அச்சிடலாம். ஆனால் தினமும் ரசீது போடும் இடத்தில் மென்பொருளைப் புதுப்பிப்பதே நிம்மதி. பிரிண்டரை மட்டும் மாற்றிவிடாதீர்கள், கார்பன் படி ரசீதை லேசர் பிரிண்டரால் அடிக்க முடியாது. என்றேனும் மாற்ற நேர்ந்தால், எப்சன் எல்எக்ஸ்-310 போல யூஎஸ்பி, பேரலல், சீரியல் மூன்றும் உள்ள டாட் மேட்ரிக்ஸ் பிரிண்டர்கள் இருக்கின்றன.

பழைய கணினியை அணைப்பதற்கு முன் எடைமேடை மென்பொருளின் செட்டிங்ஸ் பக்கத்தைத் திறந்து பாட் ரேட், டேட்டா பிட், பாரிட்டி, ஸ்டாப் பிட் ஆகிய நான்கையும் கைப்பேசியில் படம் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். இவற்றில் ஒன்று தவறினாலும் புதிய கணினியின் திரையில் எடைக்குப் பதிலாகப் புரியாத குறிகள் வரும், அல்லது எதுவுமே வராது. புதியதில் ஒரு வாரமாவது எடை சரியாகப் பதிவான பிறகே பழையதை அந்த அறையிலிருந்து எடுங்கள்.